டாக்டரம்மாவின் மதர்போர்டு

கேடயத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஆமை பாலத்தின் நடுவில் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் வில்லோடு ஓடிவந்தவள், தூக்கிய கால் தூக்கியபடியே அந்தரத்தில் உறைந்துபோனாள். விழுந்துகொண்டிருந்த பனி அப்படியே நின்றது. பாலத்தின் மறுமுனையில் ஓநாய்கள் பிளந்த வாயை மூட மறந்து நின்றன. ஹெட்போனில் மட்டும் அவன் குரல் வந்துகொண்டிருந்தது. "டாக்டரம்மா, வலது பக்கம் பாருங்க, வலது பக்கம்." அவள் மவுஸை இழுத்தாள், கீபோர்டில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் தட்டினாள். திரை ஒரு தடவை நீலமாகி, பிறகு அணைந்தது. லேசாகக் கருகிய வாடை வந்தது. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான், வாடை மேசைக்கடியில் இருக்கும் பெட்டியிலிருந்து வருகிறது என்று அவளுக்கு உறைத்தது.

அந்தக் கம்ப்யூட்டர் அவள் வாங்கியதில்லை. அண்ணன் மகன் வெளியூருக்குப் படிக்கப் போனபோது, அத்தை வீட்டில் இருக்கட்டும் என்று கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது. அவன் அதைத் திரும்பக் கேட்கவே இல்லை. ஒரு விடுமுறை நாளில் தூசி தட்டியவள், வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று போட்டு, அதிலிருந்த விளையாட்டு ஒன்றைத் திறந்துவிட்டாள். அதை எப்படி மூடுவது என்று தெரியாமல் சாயங்காலம் வரை அதிலேயே உட்கார்ந்திருந்தாள். பனி மூடிய ஒரு பள்ளத்தாக்கு, அதில் ஒரு மரக்கோட்டை, அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு நெருப்பு. விறகு பொறுக்கப் போன இடத்தில் ஓநாயிடம் மாட்டிக்கொண்டபோது, யாரோ ஒருவன் மெதுவாக, மிக மெதுவாக நடந்து வந்து அவளுக்கு முன்னால் கேடயத்தை ஊன்றினான். தலைக்கு மேல் 'ஆமை' என்று எழுதியிருந்தது. அதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. சொந்தப் பெயரை அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன் என்பது தெரியும். அவளைவிடச் சில வயது சின்னவன் என்பது தெரியும். பகலெல்லாம் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில் வண்டி ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்கு ஊட்டிவிட்டு, உடம்பைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு உட்காருவான் என்பதும் தெரியும்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஒன்று ஆகி, முடிந்தும்போயிருந்தது. இரண்டுக்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காது, மூக்கு, தொண்டை மருத்துவமனை ஒன்றில் கேட்கும் திறனைப் பரிசோதிப்பது அவள் வேலை. தடித்த கதவு போட்ட சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு ஒவ்வொரு சத்தமாக அனுப்புவாள். கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போகப் போக, உள்ளே இருப்பவர்களின் முகம் கடைசி வண்டிக்குக் காத்திருப்பவர்களின் முகம் மாதிரி ஆகிவிடும். பலர் ஒன்றுமே அனுப்பாதபோதும் அழுத்துவார்கள். அழுத்தாவிட்டால் செவிடு என்று முடிவு கட்டிவிடுவாள் என்று பயம். இதை ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவில் சொன்னபோது ஆமை வெகுநேரம் சிரித்தான். அன்றிலிருந்துதான் 'டாக்டரம்மா'. நான் டாக்டர் இல்லை என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நான் மட்டும் ஆமையா என்று கேட்டுவிட்டான்.

அவனுடைய மைக் மட்டமான சாமான். அவன் குரலைத் தவிர அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும் அது நன்றாகவே பிடிக்கும். நாற்காலி கிறீச்சிடுவது, டம்ளரை வைப்பது, பெரியவரின் இருமல். எல்லாவற்றுக்கும் அடியில், நிற்காமல், ஒரு மோட்டாரின் முனகல். படுக்கைப் புண் வராமலிருக்க அப்பாவுக்குக் காற்று மெத்தை போட்டிருந்தான். அதற்குக் காற்றடிக்கும் மோட்டார் அது. மற்றவர்கள் காதில் அது விழுந்திருக்காது. அவளுக்குத் தொழிலே அதுதான் என்பதால், ஆட்டத்துக்குள் நுழைந்ததும் முதலில் அந்த முனகல்தான் கேட்கும். அது கேட்டால் அவன் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

ஒருநாள் பெரியவர் விழித்துக்கொண்டு, யாரோ பெண் குரல் கேட்கிறதே என்று விசாரித்திருக்கிறார். டாக்டரம்மா என்று இவன் சொல்ல, தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று அவர் நம்பிவிட்டார். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, இடது தோள்பட்டை வலியைப் பற்றியும், மகன் தண்ணீர் சரியாகக் கொடுப்பதில்லை என்பதைப் பற்றியும் விலாவாரியாகப் புகார் சொன்னார். அவள் கோட்டை வாசலில் வில்லைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டாள். "தண்ணி குடுக்கச் சொல்றேன் ஐயா. நீங்க நிம்மதியாத் தூங்குங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்த நோயாளி அவளுக்கு அடிக்கடி வந்தார். வலி தோளிலிருந்து முதுகுக்கு இறங்கியது, முதுகிலிருந்து முழங்காலுக்குப் போனது, திரும்பவும் தோளுக்கே ஏறியது. ஹெட்போனை மாட்டியதும் "அப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அதற்கு ஆமை சொல்லும் பதில் எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். என்ன கொடுத்தான், எத்தனை வாய் வாங்கினார், எதைத் துப்பினார், துப்பிவிட்டு என்ன சொன்னார் என்பது வரை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். பழுது பார்க்கிறவர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, உள்ளே ஒரு மூலையில் பொசுங்கியிருந்த இடத்தைக் காட்டினார். மதர்போர்டு போய்விட்டது. அந்த ரகம் இப்போது வருவதில்லை. புது போர்டு வாங்கினால் பழைய பிராசசர் அதில் உட்காராது, பழைய மெமரியும் நுழையாது. ஆக மூன்றையும் மாற்ற வேண்டும். பேசாமல் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், பிள்ளை படிப்புக்கும் ஆகும் என்றார். இதில் விளையாடுவது நான்தான் என்று அவள் சொன்னதும், மூடியை மாட்டித் திருகுகளை முடுக்குவதில் அவர் மும்முரமாகிவிட்டார்.

ஆட்டத்துக்கென்று போனில் ஒரு செயலி உண்டு. அதில் ஆமைக்கு விஷயத்தை எழுதினாள். பதிலுக்கு அவன் தன் போன் நம்பரை அனுப்பினான். அத்தனை வருடங்களில் முதல் தடவையாகப் பனியும் ஓநாயும் இல்லாத இடத்தில் இருவரும் பேசினார்கள். முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கேடயம் இல்லாமல் அவனும் வில் இல்லாமல் அவளும் என்ன பேசுவது? நல்லவேளையாக மதர்போர்டு இருந்தது.

அவள் அதுவரை போர்டு என்றால் சாமான்களைச் செருகி வைக்கிற ஒரு தட்டு என்றுதான் நினைத்திருந்தாள். அவன் பதறிவிட்டான். "போர்டுதான் டாக்டரம்மா வீடு. மத்ததெல்லாம் குடித்தனம் வர்றவங்க. யார் குடி வரப்போறாங்கன்னு தெரியாம வீடு பாக்கக் கூடாது." எனவே முதலில் பிராசசரை முடிவு செய்தார்கள். ரொம்பச் சூடாகாதது, இந்த ஆட்டத்துக்குப் போதுமானது, இரண்டு மூன்று வருடம் கழித்து இதைவிடப் பெரிதாக ஒன்றை வாங்கினாலும் அதே போர்டில் உட்காரக்கூடியது. அதற்குப் பிறகு போர்டு. தினமும் சாயங்காலம் அவன் இரண்டு மூன்று போர்டுகளின் படத்தை அனுப்புவான். அவள் சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள். மேலிருந்து பார்த்த ஊர் மாதிரி இருக்கும் ஒவ்வொன்றும். இது நன்றாக இருக்கிறதே என்றால், பிராசசருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் இடத்தைப் பாருங்கள், மேலே சூட்டை இறக்குகிற உலோக மூடிகூட இல்லை, கொதித்துப்போகும் என்பான். இது என்றால், கடைக்காரர் பழைய மென்பொருளோடு வந்த போர்டைத் தலையில் கட்டிவிடுவார், அது நம் பிராசசரை யாரென்றே கேட்கும் என்பான். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்ளும் வரை பஸ்ஸில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன், படித்துக்கொண்டிருப்பேன் என்றான்.

மெமரி செருகும் இடங்களில்தான் சண்டை வந்தது. இரண்டு போதும் என்றாள் அவள். நான்கு வேண்டும் என்றான் அவன். இரண்டில் போட்டுவிட்டு மற்ற இரண்டைச் சும்மா விட்டுவைக்கலாம், பின்னால் எப்போதாவது ஆகும். சும்மா விடுவதற்கா வாங்குவது என்று அவள் கேட்டாள். சும்மா கிடக்கும் இடம்தான் நாளைக்கு உதவும் என்றான். "சும்மா கிடக்கிற இடம் எங்க வீட்ல ஏற்கனவே நிறைய இருக்கு ஆமை" என்று சொல்லிவிட்டு, சிரிப்பாகத்தான் சொன்னோம், அப்படிக் கேட்டிருக்குமா என்று அவள் யோசித்தாள். அந்தப் பக்கம் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. பெரியவர் யாரையோ கூப்பிட்டார். அவன் இருங்க என்று போய்விட்டு வந்தான்.

அதற்கடுத்த நாள், இன்றைக்கு முடியாது நாளைக்குப் பேசலாம் என்று மட்டும் ஒரு செய்தி வந்தது. மறுநாள் சாயங்காலம் அவனே கூப்பிட்டான். குரல் கரகரவென்றிருந்தது. நீங்கள் கேட்ட, இரண்டே இடம் உள்ள அந்தச் சின்ன போர்டு வேண்டாம், அதில் காற்றாடி செருகுவதற்கு இடம் போதாது, வேறு அனுப்பியிருக்கிறேன் பாருங்கள் என்றான். அவள் போனைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்தாள். சிக்னல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திரும்பக் காதில் வைத்தாள். அவன் குரல் இருந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. எங்கோ ஒரு வண்டி போனது. அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்க வேண்டிய முனகல் இல்லை.

வேறு அறையிலிருந்து பேசுகிறானோ என்று நினைத்தாள். இல்லை, அதே அறைதான். அந்தச் சுவர்களில் அவன் குரல் பட்டுத் திரும்புவது அவளுக்குப் பழக்கம். மோட்டார் பழுதாகியிருக்கலாம். மின்சாரம் போயிருக்கலாம். ஒருவேளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கலாம். அவன் புது போர்டின் பின்பக்கம் என்னென்ன செருகலாம் என்று சொல்லிக்கொண்டே போனான். ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினாள். கடைசியில், பழக்கத்தில் கேட்பது மாதிரி கேட்டாள்.

"அப்பா சாப்பிட்டாரா?"

மூச்சை இழுப்பது மட்டும் கேட்டது.

"ம். சாப்பிட்டாரு. தூங்கிட்டாரு."

என்ன சாப்பிட்டார் என்று சொல்லவில்லை. எதைத் துப்பினார் என்று சொல்லவில்லை. அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனை வைத்த பிறகு அவள் வெகுநேரம் அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒரு மனிதர், தன் தோள்பட்டை வலியை இந்த உலகத்தில் அவளிடம்தான் சரியாகச் சொல்ல முடியும் என்று நம்பியவர். அவருக்காக அழலாமா என்று யோசித்தாள். அழுவதற்கு ஒரு உறவு வேண்டியிருக்கிறது. யார் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? கூட விளையாடுகிறவரின் அப்பா. சொல்லிப் பார்த்தாள். வாய்க்குள்ளேயே அது வேடிக்கையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி பாத்திரம் கழுவ, அவள் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, தெரிந்த ஒருவருடைய அப்பா தவறிவிட்டார், ஆனால் அவர் என்னிடம் சொல்லவில்லை, நானாகக் கேட்கலாமா என்று பொதுவாகக் கேட்டாள். அண்ணி குழாயை மூடினாள். அண்ணிக்கு எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது; கெட்ட எண்ணமும் கிடையாது.

"சொல்லலைன்னா, உனக்குச் சொல்ற அளவுக்கு நீ வேண்டியவ இல்லைன்னு அர்த்தம். இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?"

அவள் தட்டுகளை அளவு வாரியாக அடுக்கினாள். பெரியது அடியில், சின்னது மேலே. சரிதான் அண்ணி என்றாள்.

அந்த வாரம் பரிசோதனை அறைக்குள் ஒருவர் வந்தார், ஓய்வு பெற்ற தபால்காரர். மகள் கூட்டிவந்திருந்தாள். ஒரு சத்தமும் அனுப்பாத இடைவெளியில் அவர் பொத்தானை அழுத்தினார். திரும்பவும் அழுத்தினார். அழுத்திவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்ற மகளைப் பார்த்து, கேட்டுவிட்டது என்பது போலத் தலையாட்டினார். வழக்கமாக அவள் இந்த இடத்தில் பரிசோதனையை நிறுத்திவிட்டு உள்ளே போய், கேட்டால் மட்டும் அழுத்துங்கள் என்று திரும்பச் சொல்வாள். அன்றைக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் அவர் அழுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலங்களில் ஆமை கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். முன்பைவிட அதிக நேரம் பேசினான். முடிவு செய்த போர்டை மறுநாள் வேண்டாம் என்றான். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தான், அதன் குறை நிறைகளைச் சொன்னான், அதையும் தள்ளிவிட்டான். பவர் சப்ளை விஷயத்தில் ஒரு சாயங்காலம் முழுவதும் போனது. அவளுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. இந்தத் தேடல் முடிந்துவிடக் கூடாது என்று அவன் நினைக்கிறான். அவளும் அதற்குத் தோதாக, ஒத்துக்கொண்ட விஷயத்திலும் புதிதாகச் சந்தேகம் கேட்டாள். ஒவ்வொரு நாளும் போனை வைப்பதற்கு முன்னால், அப்பா சாப்பிட்டாரா என்றும் கேட்டாள். முதல் சில நாட்கள் வெறும் ம் என்று வந்தது. பிறகு மெல்ல மெல்லப் பதில் நீண்டது. இன்றைக்குக் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார். இன்றைக்குத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஒருநாள், டாக்டரம்மாவிடம் முழங்காலைப் பற்றிச் சொல்லச் சொன்னார் என்றான். தைலம் தேய்த்துவிடச் சொல்லுங்கள் என்றாள் அவள். இது அவனுக்குச் செய்கிற உதவியா, துரோகமா என்று பிடிபடவில்லை. தினமும் இல்லாத சத்தத்துக்கு இருவரும் மாறி மாறிப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

எதற்கும் ஒரு முடிவு வேண்டுமே. கடைசியில் நான்கு இடம் உள்ள போர்டுக்கு அவள் ஒத்துக்கொண்டாள். அது பழைய பெட்டிக்குள் நுழையாது என்பதால் பெரிய பெட்டி ஒன்றும் சேர்ந்துகொண்டது. கடையிலேயே மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம், நாமே மாட்டலாம், நான் கூட இருக்கிறேன் என்று ஆமை சொல்லியிருந்தான். 'கூட' என்ற அந்தச் சொல்லை அவள் ஆட்டோவில் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

விடுமுறை நாளாகப் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையின் ஓரத்தில் வைத்தாள். போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அது எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. பிராசசரை மூலை பார்த்து வைத்து, கம்பியை அழுத்தி மூடும்போது ஏதோ நொறுங்குவது மாதிரி சத்தம் வந்ததும் கையை எடுத்துவிட்டாள். அப்படித்தான் இருக்கும், தைரியமாக அழுத்துங்கள் என்றான். காது ஜவ்வுக்குப் பக்கத்தில் குழாயைக் கொண்டுபோகிறவளுக்கு இதற்கென்ன பயம் என்று கேலி செய்தான். மெமரி இரண்டும் சொடக்குப் போட்டு உட்கார்ந்தன. முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய ஒயர்களை, எறும்புக் கால் மாதிரி நின்ற கம்பிகளில் மாட்டுவதற்குள் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. தப்பாக மாட்டியதை அவன் பார்க்காமலே கண்டுபிடித்தான். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தார்கள். அவள் வீட்டில் அப்படி ஒரு மத்தியானம் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

எல்லாம் முடிந்து பொத்தானை அழுத்தினாள். பெட்டிக்குள் ஒரு விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

பயப்படாதீர்கள் என்றான் ஆமை. புது மெமரியைப் போர்டு முதல் தடவை பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். அதுவரை திரை கருப்பாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாமல் அணைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கருப்புத் திரையில் அவள் முகமும், பின்னால் ஜன்னலும் தெரிந்தன. குனிந்து பெட்டிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள்.

"சத்தமே இல்லையே ஆமை."

"புது ஃபேன். சத்தம் வராது. சுத்துதா மட்டும் பாருங்க."

"சுத்துது." கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொல்ல வேண்டுமென்று நினைக்காமலே சொல்லிவிட்டாள். "உங்க வீட்லயும் சத்தம் இல்லையே."

திரை கருப்பாகவே இருந்தது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு வழியும் இல்லை.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றான்.

"அந்தச் சின்ன போர்டு வேணாம்னீங்களே, அன்னிக்கு."

"அதுக்கு முந்தின நாள்தான்." என்றான். "தெரிஞ்சுமா தினம் கேட்டீங்க, அப்பா சாப்பிட்டாரான்னு?"

"தெரிஞ்சுதான் கேட்டேன். தப்புன்னா சொல்லுங்க."

அவன் நாற்காலியிலிருந்து எழுவதும், எதையோ நகர்த்துவதும், திரும்ப உட்காருவதும் கேட்டது. அவன் பேசியபோது குரல் போனிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்தது.

"வந்தவங்க எல்லாம் ஒரே மாதிரி சொல்லிட்டுப் போனாங்க. 'விடுதலைப்பா, விடுதலை'ன்னு. அவருக்கா எனக்கான்னு யாரும் சொல்லலை. அப்புறம் ஒருத்தரும் அவரைப் பத்திக் கேக்கலை, முடிஞ்சுபோச்சு இல்ல. நீங்க மட்டும் கேட்டீங்க. நீங்க கேட்டதும், இன்னிக்கு என்ன குடுத்தேன்னு யோசிப்பேன். பொய்தான். ஆனா யோசிக்கிற நேரத்துக்கு அவர் கட்டில்ல இருந்தாரு."

அவள் என்னென்னவோ சொல்ல நினைத்தாள். உங்கள் அப்பா எனக்கும் நோயாளி என்று சொல்ல நினைத்தாள். அந்தத் தோள்பட்டை கடைசியில் எப்படி இருந்தது என்று கேட்க நினைத்தாள். அந்த நேரம் பார்த்துத் திரை வெளிச்சமானது. போர்டு கம்பெனியின் சின்னம் பளிச்சென்று வந்து நின்றது. அந்த அறைக்கும் அந்த நேரத்துக்கும் சம்பந்தமில்லாத ஒரு கொண்டாட்டம் அதில் இருந்தது.

"வந்துடுச்சு" என்றாள்.

"வந்துடுச்சா. நல்லது டாக்டரம்மா." கொஞ்சம் கழித்து, "நான் இன்னிக்கு விளையாட வரலை" என்றான்.

மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டு எதைப் பற்றிப் பேசுவது? வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கியாகிவிட்டது. மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் கம்ப்யூட்டரைப் போட்டுக் கோட்டைக்குப் போனாள். எல்லாம் அவ்வளவு துல்லியமாக இருந்தது. முன்பு வெள்ளையாக அப்பிக் கிடந்த பனி இப்போது பொடிப் பொடியாக விழுந்தது. மரங்களுக்கு இலை இருந்தது. ஓநாய் மூச்சு விட்டால் அதன் வாயிலிருந்து புகை வந்தது. இவ்வளவு அழகான இடத்திலா இத்தனை வருடம் ஓடிக்கொண்டிருந்தோம் என்றிருந்தது. ஆனால் கேடயம் இல்லாமல் விறகுக்காகக் காட்டுக்குள் போக முடியாது. கோட்டைச் சுவருக்கு உள்ளேயே கிடந்த பழைய கட்டைகளைப் போட்டு நெருப்பைக் காத்தாள். யார் யாரோ வந்து சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டார்கள். ஒருவன் நல்ல வேகக்காரன், வந்த நிமிஷத்தில் மூன்று ஓநாயை முடித்தான். ஹெட்போனில் அவனுடைய அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நல்ல மைக். அவள் தலைவலி என்று சொல்லி வெளியே வந்துவிட்டாள்.

அண்ணி சொன்னதுதான் சரி என்று ஒருநாள் தோன்றும். இல்லை, சொல்லாமலிருந்ததே என்னிடம் மட்டும்தான், அதற்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது என்று இன்னொரு நாள் தோன்றும். ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குச் சந்தேகமில்லை. அவள் வாயைத் திறந்ததால்தான் பெரியவர் இரண்டாம் முறையாகப் போனார்.

மாதக் கடைசியில் ஒரு பகல் வேளையில் போன் அடித்தது. வார விடுமுறை, அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

எப்படி இருக்கிறீர்கள் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கட்டிலை இன்று காலையில் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள் என்றான். மெத்தை, மோட்டார், ஓரத்தில் இருந்த கம்பி எல்லாம். தேவைப்படுகிற இன்னொரு வீட்டுக்குப் போகிறது. கம்ப்யூட்டரைக்கூட நேற்றே கூடத்துக்கு மாற்றிவிட்டான். அவன் பேசப் பேச, அவன் குரலுக்குப் பின்னாலேயே அதே குரல் இன்னொரு தடவை மெல்லியதாக வந்தது. காலியான அறையின் நடுவில் நின்று பேசுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"இங்க என்ன வைக்கிறதுன்னே தெரியலை டாக்டரம்மா. காலையிலேர்ந்து வாசல்ல நின்னு பாத்துட்டே இருக்கேன்."

அவள் துணிக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு பெரிய ரூம் ஆமை?"

"அளந்ததில்லையே."

"டேப் இருக்கா?"

"இல்லை. இருங்க, நடந்து பாக்குறேன்."

போனைத் தரையில் வைத்தான் போலிருக்கிறது. சிமெண்டில் உரசும் சத்தம் வந்தது. அவள் காதை இன்னும் அழுத்தமாக வைத்துக்கொண்டு, மறு காதைக் கையால் மூடிக்கொண்டாள். வெறுங்காலடிகள் போனிலிருந்து விலகிப் போயின. மெதுவாக, ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை ஒட்டி வைத்து. சுவர் வந்ததும் நின்றன. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பக்கவாட்டில் திரும்பி, அவை மறுபடியும் நடக்கத் தொடங்கின.